நடுவில் நிற்பவர்கள் படிக்க வேண்டிய படிப்பு

(எமது சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேசிய நடை இயன்றவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

  

என்னை இந்த மேடையில் கண்டு உங்களில் சிலர் யோசிப்பீர்கள், இவர் வழக்கமாகப் பின்னுக்கு நிண்டு கதிரை அடுக்குகிற ஆள் அல்லவோ என்று. உண்மைதான். செயலாளர் அண்ணை பேசக் கேட்டது என்னை இல்லை, என் மனைவியை. மருத்துவத் துறையில் வேலை செய்கிறவர்கள் வேலையை விடாமல் மேற்படிப்புப் படிப்பது பற்றிப் பேசச் சொன்னவர். அவவுக்கு இண்டைக்கு வாட்டிலை வேலை. "நீங்கள் போய்ப் பேசுங்கோ. அந்தப் படிப்பிலை பாதி நீங்கள்தானே படிச்சனீங்கள்" எண்டு சொல்லி என்னை அனுப்பிவிட்டா.

நான் டொக்டரும் இல்லை, பட்டதாரியும் இல்லை. 2007 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் உயிரியல் பிரிவில் ஏ.எல். சோதனை எழுதினவன். அதோடு என் படிப்பு நின்றது. பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும், விளக்கத் தேவையில்லை. 2010 இல் இந்த நாட்டுக்கு வந்தேன். இப்போது மேற்கு லண்டனில் சாண்ட்விச் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. ஆனபடியால் நான் பேசுவது ஒரு தொழிலாளியின் பேச்சு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

என் மனைவி படித்த படிப்புக்கு ஆங்கிலத்தில் பயோஎதிக்ஸ் என்று பெயர். மெடிக்கல் எதிக்ஸ் என்றும் சொல்வார்கள். நாங்கள் தமிழில் மருத்துவ அறநெறி என்று வைத்துக்கொள்ளலாம். நோயாளிக்கு எதைச் சொல்ல வேணும், எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, ஆர் முடிவெடுக்கிறது, இருக்கிற மருந்தும் கட்டிலும் எல்லோருக்கும் காணாதபோது ஆருக்குக் கொடுக்கிறது என்பவற்றை முறையாக ஆராய்கிற படிப்பு.

அவ இதைப் படிக்கப் போறா என்றவுடன் எங்கட ஆக்கள் கேட்ட முதற் கேள்வி, "இதைப் படிச்சால் சம்பளம் எவ்வளவு கூடும்?" இரண்டாவது கேள்வியை ஒரு ஐயா கேட்டார்: "பிள்ளை, அறநெறி படிக்க யூனிவேர்சிற்றி வேணுமோ? வெள்ளிக்கிழமையிலை கோயிலுக்குப் போனாக் காணாதோ?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அவ ஏன் படிக்கப் போனவ என்று எனக்குத் தெரியும். அதற்குக் காரணமே நான்தான். அந்தக் கதையை இண்டைக்குச் சொல்லப் போகிறேன். வீட்டில் எல்லோரிடமும் கேட்டு, சம்மதம் பெற்றுத்தான் சொல்கிறேன்.

என் மாமியார் எங்களோடுதான் இருந்தவ. 1996 இல் மூன்று பிள்ளைகளோடு இங்கே வந்து சேர்ந்தவ. பஸ்ஸில் போகவும் கடையில் சாமான் வாங்கவும் அவவின் ஆங்கிலம் காணும். ஆஸ்பத்திரி ஆங்கிலம் வேறை. 2018 ஐப்பசியில் அவவுக்கு வயிற்று நோவும் சாப்பாட்டில் மனமில்லாமையும் வந்து, சோதனைகள் எல்லாம் செய்தார்கள். மனைவிக்குப் பகல் வேலை, எனக்கு இரவு வேலை. ஆனபடியால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறது நான். வேலை முடிந்து நித்திரை இல்லாமல் நேரே போய்விடுவேன்.

முடிவு சொல்லுகிற நாள், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். "தேவையில்லை, நான் சொல்லுவன்" எண்டேன். பெருமையாகத்தான் சொன்னேன். டொக்டர் ஒரு பெண், நல்ல பொறுமையான மனுசி. மெதுவாகச் சொன்னா: கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது, குணப்படுத்த முடியாது, நோவைக் குறைக்கலாம், காலத்தைக் கொஞ்சம் நீட்டலாம். பிறகு மாமியின் முகத்தைப் பார்த்து, எனக்கூடாக இன்னொன்றும் சொன்னா: "அவ எங்கையாவது போக விரும்பினால், ஆரையாவது பார்க்க விரும்பினால், பிறகு எண்டு வைக்காமல் வாற கிழமைகளிலேயே செய்யச் சொல்லுங்கோ."

மாமி என்னைப் பார்த்தா. "என்னவாம் தம்பி?"

நான் சொன்னேன்: "வயித்துக்குள்ளை ஒரு புண் இருக்காம் மாமி. மருந்து தருவினமாம்."

அவ்வளவுதான். டொக்டர் பத்து நிமிடம் பேசியதை நான் இரண்டு வரியில் முடித்தேன். அவ விளங்கிக்கொண்டாவா என்று டொக்டர் கேட்டதற்கும் ஓம் என்றேன்.

அண்டிரவு கனடாவில் இருக்கிற மச்சான்மாரோடு பேசினோம். "அத்தான், அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. கேட்டா உடைஞ்சு போவா" எண்டு இரண்டு பேரும் அழுதார்கள். மனைவியும் அழுதுகொண்டு ஓம் என்றா. அவ தாதி. வேறை ஆக்களின் தாய்மார் என்றால் என்ன செய்ய வேணும் என்று அவவுக்குத் தெரியும். தன் தாய் என்றவுடன் அவவுக்கும் வாய் வரவில்லை. ஒருவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எல்லோரும் பாசத்தில்தான் செய்தோம்.

மாமிக்கு ஒரேயொரு தங்கச்சி, கரவெட்டியில். முழங்கால் ஏலாத மனுசி, பிரயாணம் செய்ய மாட்டா. 2004 இல், அந்தச் சமாதான காலத்தில், மாமி ஒருக்கால் போய்ப் பார்த்தவ. அதற்குப் பிறகு ரெலிபோனில் குரல்தான். கார்த்திகை மாதம் மாமி என்னிடம் கேட்டா: "தம்பி, மார்கழியிலை ரிக்கெற் விலை கூடவோ? தங்கச்சியை ஒருக்கால் பார்த்திட்டு வருவமோ எண்டு யோசிக்கிறன்." அப்போது அவ நடக்கிறா, சமைக்கிறா, பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசல் மட்டும் கொண்டுபோய் விடுகிறா. நான் சொன்னேன்: "மருந்து முடியட்டும் மாமி. தை பிறக்கப் போவம்."

தை பிறந்தது. அவவால் எழும்ப முடியவில்லை. மாசி மாதம் ஹொஸ்பிஸில் விட்டோம். 2019 பங்குனியில் அவ காலமானா. தங்கச்சி தமக்கையின் செத்தவீட்டை வட்ஸ்அப்பில்தான் பார்த்தா.

முப்பத்தொன்று முடிந்த பிறகு மாமியின் அறையை ஒதுக்கினோம். கட்டிலுக்குக் கீழே ஒரு சின்னச் சூட்கேஸ். திறந்து பார்த்தால், தங்கச்சிக்கு எண்டு வாங்கி வைத்த இரண்டு காடிகன், முழங்கால் நோவுக்குப் பூசுகிற ஜெல் நாலு, ஒரு பெட்டி பிஸ்கற். விலைத் துண்டுகளைக் கிழித்துப்போட்டு, மடித்து அடுக்கி வைத்திருந்தா. டொக்டர் சொன்ன அந்த ஒரு வரியை நான் சொல்லியிருந்தால் அந்தச் சூட்கேஸ் கரவெட்டிக்குப் போயிருக்கும். நான் மாமியிடமிருந்து எடுத்தது ஒரு வரி இல்லை, இரண்டு மாதம்.

இது எங்கட வீட்டுக் கதை. ஆனால் என் மனைவி வாட்டுக்குப் போனால் அங்கேயும் இதே கதை. ஒருநாள் அவ சொன்னா: "இஞ்சருங்கோ, இண்டைக்கு எங்கட வாட்டிலை ஒரு தமிழ் அம்மா. டொக்டர் சொல்லச் சொல்ல மகன் மொழிபெயர்க்கிறார். முக்கியமானதை எல்லாம் விட்டிட்டார். அந்த அறையிலை ரண்டு பாஷையும் விளங்கின ஒரே ஆள் நான். நான் என்ன செய்திருக்க வேணும்? வாயைத் திறந்தால் குடும்பத்துக்குள்ளை தலையிட்டதாகும். திறக்காட்டில் அந்த அம்மாவை ஏமாத்தினதாகும்." அண்டைக்கு அவ ஒன்றும் பேசவில்லையாம். ஆனால் அந்தக் கேள்வி அவவை விடவில்லை. 2021 புரட்டாதியில் படிப்பில் சேர்ந்தா. 2023 இல் முடித்தா.

இனிப் படிப்பைப் பற்றிச் சொல்கிறேன். பெற்றோரும் பிள்ளைகளும் கவனமாகக் கேளுங்கோ.

இந்தத் துறை இந்த நாட்டில் நேற்று முளைத்தது இல்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இயன் கெனடி என்ற சட்ட அறிஞர் 1978 இல் மருத்துவச் சட்டத்துக்கும் அறநெறிக்கும் என்று ஒரு மையத்தைத் தொடங்கினார். 1980 இல் அவர் பிபிசி வானொலியில் ஆற்றிய றீத் சொற்பொழிவுகளில், நோயாளியின் வாழ்க்கை பற்றிய முடிவுகளை டொக்டர்மார் மட்டும் எடுக்கலாமா என்று நேரே கேட்டார். கீல் பல்கலைக்கழகம் 1987 முதல் இந்தத் துறையில் பட்டப்பின் படிப்பு நடத்துகிறது. இன்று வேறு பல பல்கலைக்கழகங்களிலும் உண்டு.

இங்கிலாந்தில் மாஸ்ரர் பட்டம் என்றால் 180 கிறெடிற். முதல் 60 முடித்தால் பட்டப்பின் சான்றிதழ், 120 முடித்தால் டிப்ளோமா, மிச்சம் 60க்கு ஆய்வுக் கட்டுரை எழுதினால் மாஸ்ரர். முழுவதும் ஏலாவிட்டால் பல இடங்களில் இடையில் சான்றிதழோடு அல்லது டிப்ளோமாவோடு நிற்கலாம். பகுதி நேரமாகப் படித்தால் பெரும்பாலும் இரண்டு வருடம். வேலை செய்கிற ஆக்களுக்காகச் சில இடங்களில் வாராவாரம் வகுப்பு வைக்காமல், வருடத்தில் சில தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வகுப்பு வைப்பார்கள். மனைவி படித்தது அப்படித்தான். அவவின் வகுப்பில் டொக்டர்மார், தாதிமார், மருத்துவச்சி ஒருவர், அம்புலன்ஸில் வேலை செய்கிறவர், மருந்தாளர், ஆஸ்பத்திரிப் பாதிரியார், வழக்கறிஞர் எல்லோரும் இருந்தார்கள். பட்டம் இல்லாத பழைய தாதிமாரையும் அனுபவத்தைப் பார்த்துச் சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கும். கேட்டுப் பார்க்க வேணும்.

காசு? 2016 முதல் இங்கிலாந்தில் மாஸ்ரர் படிப்புக்கு அரசாங்கக் கடன் உண்டு.  அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்களும் விண்ணப்பிக்கலாம், வழக்கு முடியாமல் இருப்பவர்களுக்குக் கிடையாது. வருடச் சம்பளம் 21 ஆயிரம் பவுணைத் தாண்டினால், தாண்டின தொகையில் 6 வீதம் கட்ட வேணும். வட்டியும் உண்டு. சான்றிதழுக்கோ டிப்ளோமாவுக்கோ மட்டும் சேர்ந்தால் இந்தக் கடன் கிடைக்காது. சில ஆஸ்பத்திரிகள் தங்கட வேலையாட்களுக்கு ஒரு பகுதி உதவி செய்யும், முதலில் மனேஜரிடம் கேளுங்கோ. சம்பளம் கூடுமா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்கிறேன்: இந்தப் பட்டத்துக்காக மட்டும் தானாகப் பாண்ட் கூடாது. கூடும் எண்டு நினைத்துக்கொண்டு ஒருவரும் சேராதேங்கோ.

அப்படியானால் இதில் என்னத்தைப் படிக்கிறார்கள்? அவ குசினி மேசையில் இருந்து உரக்க வாசிப்பா. நான் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி கட்டிக்கொண்டு கேட்பேன். அப்படிக் கேட்டதில் மனதில் நின்றவற்றைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்று ஓர் ஊர். 1932 இல் அரசாங்கத்தின் சுகாதார சேவை அங்கே ஓர் ஆய்வு தொடங்கியது. ஏழைக் கறுப்பின ஆண்கள் ஏறத்தாழ 600 பேர். அதில் 399 பேருக்கு சிபிலிஸ் என்ற மேகநோய். நோயின் பெயரை அவர்களுக்குச் சொல்லவில்லை, "கெட்ட இரத்தம்" என்றுதான் சொன்னார்கள். 1940களில் பென்சிலின் வந்து அந்த நோய்க்கு நல்ல மருந்தான பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. வைத்தியம் செய்யாவிட்டால் நோய் எப்படிப் போகும் என்று பார்த்துக்கொண்டு இருந்தார்கள். 1972 இல் பத்திரிகையில் வெளிவந்த பிறகுதான் நின்றது. நாற்பது வருடம்! அந்த அநியாயத்தின் பிறகுதான் அமெரிக்காவில் மனிதரை வைத்து ஆய்வு செய்வதற்கான ஒழுக்க நெறிகளை வகுத்த பெல்மொன்ற் அறிக்கை 1979 இல் வந்தது.

இதில் என்னைப் பிடித்து உலுப்பினது ஒரு தாதியின் கதை. அவவின் பெயர் யூனிஸ் றிவேர்ஸ். அவவும் கறுப்பினப் பெண்தான். அந்த ஆண்களைக் காரில் ஏற்றி இறக்கி, வீடு வீடாகப் போய் விசாரித்து, டொக்டர்மாருக்கும் அவர்களுக்கும் நடுவில் பல பத்தாண்டுகள் நின்றவ. சனம் ஆய்வை நம்பினதை விட அவவைத்தான் நம்பினது. அவ அந்த மனிதர்களில் அக்கறை வைத்திருந்தா என்றுதான் எழுதுகிறார்கள். அவவைக் குற்றம் சொல்லலாமா கூடாதா என்று இன்றும் வாதம் நடக்கிறது. மனைவியின் வகுப்பும் இதில் இரண்டாகப் பிரிந்ததாம்.

நான் அண்டிரவு வேலையில் நிண்டுகொண்டு அந்த மனுசியைப் பற்றியே யோசித்தேன். "கெட்ட இரத்தம்" எண்டு அவையள் சொன்னதும், "ஒரு புண்" எண்டு நான் சொன்னதும். அவர்கள் செய்தது கொடுமை, நான் செய்தது பாசம். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு இரண்டும் ஒன்றுதான். தன் உடம்பில் என்ன நடக்குது எண்டு தெரியாமலே இருந்தார்கள்.

"உண்மையைச் சொல்லுறது வெள்ளைக்காரன்ரை பழக்கம், எங்கட பண்பாடு வேறை" எண்டு நாங்கள் சொல்வோம். நானும் அப்படித்தான் சொன்னேன். மனைவி ஒரு கட்டுரையைக் காட்டினா. 1961 இல் சிக்காகோவில் டொக்டர்மாரிடம் கேட்டபோது, 90 வீதமானவர்கள் புற்றுநோயை நோயாளிக்குச் சொல்லாமல் விடுவதையே விரும்பினார்கள். 1979 இல் அதே கேள்விகளை அமெரிக்க டொக்டர்மாரிடம் திரும்பக் கேட்டபோது, 97 வீதமானவர்கள் சொல்வதையே விரும்பினார்கள். பதினெட்டு வருடத்தில் தலைகீழ். ஆகவே ஒளிக்கிறது எங்கட பண்பாடு மட்டும் இல்லை. வெள்ளைக்காரரும் அப்படித்தான் இருந்தவை, யோசித்து மாறினவை.

அதற்காக எல்லாவற்றையும் எல்லாருக்கும் முகத்துக்கு நேரே போட்டு உடைக்க வேணும் எண்டும் இந்தப் படிப்புச் சொல்லவில்லை. தெரிய விரும்பாத ஒருவருக்கு, தெரியாமல் இருக்கவும் உரிமை உண்டு. ஆனால் அதை அவர் சொல்ல வேணும், நாங்கள் சொல்லக் கூடாது. அதற்கு ஒரு கேள்வி இருக்கிறது. "உங்கட நோயைப் பற்றி எல்லாம் அறிய விருப்பமோ, அல்லது மகளிட்டைச் சொன்னாக் காணுமோ?" இவ்வளவுதான். இந்தக் கேள்வியை மாமியிடம் நான் கேட்டிருக்கலாம். "பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ, எனக்கு வேண்டாம்" எண்டு அவ சொல்லியிருந்தால் என் மனம் இண்டைக்கு ஆறுதலாக இருக்கும். கேட்க வேணும் எண்டே எனக்குத் தெரியாது.

இந்த நாட்டுச் சட்டமும் அவ படித்தா. ஸ்கொட்லாந்தில் நடீன் மொன்ற்கொமெரி என்ற தாய், நீரிழிவுள்ளவ. அப்படியான தாய்மாருக்குப் பிரசவத்தில் பிள்ளையின் தோள் சிக்குப்படுகிற அபாயம் 9 முதல் 10 வீதம். டொக்டர் அதைச் சொல்லவில்லை. சொன்னால் தாய்மார் சிசேரியன் கேட்பார்கள் என்பது அவரின் வாதம். 1999 இல் பிறந்த பிள்ளைக்குத் தோள் சிக்குப்பட்டு, மூளை பாதிக்கப்பட்டது. 2015 இல் உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்புச் சொன்னது: அந்த நோயாளியின் நிலையில் இருக்கிற ஒருவர் முக்கியம் எண்டு நினைக்கக்கூடிய ஆபத்தை டொக்டர் சொல்லத்தான் வேணும். நீரிழிவு எங்கட வீடுகளில் எவ்வளவு எண்டு உங்களுக்குத் தெரியும். இந்தத் தீர்ப்பு எங்களுக்கும் உரியது.

இன்னொன்று, மனநலத் தகைமை பற்றிய 2005 ஆம் ஆண்டுச் சட்டம். மெண்டல் கப்பாசிற்றி அக்ற் என்பார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 இல் நடைமுறைக்கு வந்தது. வளர்ந்த ஒருவர் தன் முடிவைத் தானே எடுக்க வல்லவர் என்றுதான் தொடங்க வேணும். அவரின் முடிவு மற்றவர்களுக்கு விவேகமில்லாததாகத் தெரிந்தாலும், அதற்காக மட்டும் அவரை வல்லமை இல்லாதவர் எண்டு தள்ள முடியாது. எங்கட ஆக்கள் மூத்த மகன் கையெழுத்து வைச்சால் எல்லாம் சரி எண்டு நினைக்கிறோம். அப்படி இல்லை. நோயாளி முன்கூட்டியே அந்த அதிகாரத்தைச் சட்டப்படி எழுதிக் கொடுத்திருந்தாலோ நீதிமன்றம் கொடுத்திருந்தாலோ ஒழிய, மகனுக்கோ மருமகனுக்கோ தாய்க்காக முடிவெடுக்கிற உரிமை இல்லை. எழுதிக் கொடுத்திருந்தாலும், தாய்க்குத் தானே முடிவெடுக்க முடிகிற வரைக்கும் முடிவு தாயினுடையதுதான்.

இனி என் தொழிற்சாலையிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கட லைனில் ஒவ்வொரு பெட்டியும் உலோகம் பிடிக்கிற மெஷினுக்குள்ளால் போகும். அந்த மெஷின் சரியோ என்று பார்க்க, குறித்த நேரத்துக்கு ஒருக்கால் மூன்று சோதனைத் துண்டுகள் விடுவோம்: இரும்பு, இரும்பல்லாத உலோகம், ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல். ஒன்றைப் பிடிக்காமல் விட்டாலும், கடைசியாகச் சரிவந்த சோதனைக்குப் பிறகு போன பெட்டி எல்லாவற்றையும் மறித்து வைக்க வேணும். லைனை நிற்பாட்ட ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதை நேற்று வேலைக்கு வந்தவனும் அமத்தலாம். ஆனால் எப்போது அமத்த வேணும் எண்டு பயிற்சி கொடுத்தால்தான் அமத்துவான். பயிற்சி இல்லாதவன் கண்ணால் கண்டும் பயத்தில் பேசாமல் நிற்பான். நான் என் முதல் வருடத்தில் அப்படி நிண்டவன்.

வாட்டிலும் அப்படித்தான். தாதிக்கு மனச்சாட்சி ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பல்கலைக்கழகம் கொடுக்கத் தேவையில்லை. சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது, அதை எப்போது, எந்தச் சொல்லால் அமத்துவது என்பதைத்தான் படிப்புக் கொடுக்கிறது. இப்போது அப்படி ஒரு மகன் முக்கியமானதை விழுங்கினால் என் மனைவி பேசாமல் நிற்க மாட்டா. குடும்பத்தோடு சண்டை பிடிக்கவும் மாட்டா. "டொக்டர், இதிலை நிறுத்துவம். முறையான மொழிபெயர்ப்பாளர் ஒருவரை எடுப்பம். எவ்வளவு தெரிய விருப்பம் எண்டு அம்மாவையே கேட்பம்" எண்டு சொல்லுவா. அந்த மகனையும் வெளியில் கூட்டிக்கொண்டு போய், தேத்தண்ணி கொடுத்து, தன் தாயின் கதையைச் சொல்லுவா. அவ வேலை செய்கிற இடத்தில் அறநெறிக் குழு ஒன்று இருக்கிறது, இப்போது அதில் அவவும் ஒருவர். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குக்கூடச் சொல்ல மாட்டா. நோர்வேயில் ஒவ்வொரு ஆஸ்பத்திரி நிறுவனத்திலும் இப்படி ஒரு குழு இருக்கத்தான் வேணும். இங்கே அப்படிச் சட்டக் கட்டாயம் இல்லை. ஆனபடியால் விருப்பத்தோடு படித்த ஆக்கள் இருந்தால்தான் இது நடக்கும். அந்த மேசையில் எங்கட ஆக்களும் இருக்க வேணாமோ?

இந்தப் படிப்பு எங்களுக்குச் சும்மா வரவில்லை. இரண்டு வருடம் விடுமுறை எங்கும் போகவில்லை. வகுப்பு நாட்களில் நான் வேலை முடிந்து வந்து, நித்திரை கொள்ளாமல் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விட்டு, பின்னேரம் சமைத்தேன். குடும்பத்து ஆக்கள் மொழிபெயர்ப்பது பற்றித்தான் அவ ஒரு கட்டுரை எழுதினா. எங்கட கதையை, பெயர் இல்லாமல், எழுதலாமோ எண்டு என்னிடம் கேட்டா. நான் இரண்டு நாள் அவவோடு பேசவில்லை. வெட்கம். பிறகு "எழுதுங்கோ" எண்டேன். எழுதினதை முதலில் எனக்குத்தான் வாசித்துக் காட்டினா. என்னைக் கெட்டவன் எண்டு ஒரு இடத்திலும் எழுதவில்லை. "களைத்துப்போன, ஒருவரும் உதவாத மொழிபெயர்ப்பாளர்" என்று எழுதியிருந்தா. நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நேரம் போகிறது என்று அவைத்தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். மூன்று விஷயம் கேட்டு முடிக்கிறேன்.

முதலாவது, ஏற்கெனவே தாதியாக, மருந்தாளராக, பராமரிப்பு வேலையில், டொக்டராக இருக்கிற எங்கட பிள்ளைகளுக்கு. மாஸ்ரர் ஏலாவிட்டால் ஒரு சான்றிதழாவது படியுங்கோ. இரண்டு பாஷை தெரிந்த நீங்கள், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஒருநாள் நடுவில் நிற்பீர்கள்.

இரண்டாவது, வீட்டில் இருக்கிற எங்களுக்கு. படிக்கிற மனைவிக்கு, மகளுக்கு, மருமகளுக்கு வாழ்த்துச் சொன்னால் மட்டும் காணாது. சமையலையும் பிள்ளைகளையும் பொறுப்பெடுங்கோ. அண்ணைமார், நான் உங்களைத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது, எல்லோருக்கும். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு கேளுங்கோ. அது இலவசம், அவர்களுக்குக் கரைச்சல் கொடுக்கிறதாக நினைக்க வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கொண்டுபோய் அம்மம்மாவின் நோயை மொழிபெயர்க்க வைக்காதேங்கோ. வருஷத்துக்கு எல்லோரும் கூடுகிறோம், கைவிசேஷம் வாங்குகிறோம். அண்டைக்கு வீட்டில் இருக்கிற பெரிய ஆக்களிடம், சுகமாக இருக்கும்போதே கேளுங்கோ: வருத்தம் வந்தால் உங்களுக்கு எவ்வளவு சொல்ல வேணும்? ஆரோடு பேச வேணும்? எங்கே போக ஆசை?

2023 ஆவணியில் நாங்கள் குடும்பமாகக் கரவெட்டிக்குப் போனோம். அந்தச் சூட்கேஸையும் கொண்டுபோனோம். ஜெல் எல்லாம் காலாவதியாகிவிட்டது, புதிதாக வாங்கி வைத்தோம். சின்ன மாமியிடம் நான் நடந்ததைச் சொன்னேன், அந்த ஒரு வரியையும் சொன்னேன். அவ கனநேரம் ஒன்றும் பேசவில்லை. காடிகனை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு இருந்தா. பிறகு எழும்பி, நொண்டி நொண்டிப் போய் எங்களுக்குத் தேத்தண்ணி வைத்தா. மன்னிச்சவவோ இல்லையோ எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

உங்களில் ஒருவருக்கும் அப்படி ஒரு சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு போகிற நிலை வரக் கூடாது.